பினாங்கு வக்கீல் பீக்கிங் போன கதை

(ஜார்ஜ் டவுனில் கூடிய தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து உடைமாற்றி, அக்கரையிலிருந்து பெர்ரி ஏறி வந்திருக்கிறீர்கள். களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆகையால் பெரிய பீடிகை போடாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கு நடத்தும் வேலையிலிருந்து தூதர் வேலைக்குப் போனவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் பிள்ளைகளில் இரண்டொருவர் சட்டம் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். பினாங்கிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. டான் பூன் தெக் என்பவர் 1929-இல் இந்தத் தீவில் பிறந்தவர். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, லண்டனில் சட்டம் முடித்து, சிங்கப்பூர் அரசாங்கச் சட்ட சேவையில் சேர்ந்தார். 1969 முதல் 1992 வரை அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்தார். சிங்கப்பூரில் அட்டர்னி ஜெனரல்தான் பப்ளிக் பிராசிகியூட்டரும். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஹங்கேரி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா நாடுகளுக்குச் சிங்கப்பூரின் தூதரானார். 2012-இல் மறைந்தார்.

செயலாளர் கேட்ட கேள்விக்கு இதுவே நேரான விடை. இத்தோடு உட்கார்ந்துவிட்டால் நீங்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம். ஆனால் நாங்கள் உட்காரப் போவதில்லை.

ஏனென்றால் ‘பப்ளிக் பிராசிகியூட்டர்’ என்ற சொல் நம் லயங்களில் வேறு விதமாகக் கேட்ட சொல். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ஒன்று துப்பாக்கி, மற்றொன்று தோட்டாக்கள். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டை மறுபடி விசாரித்தபோது, துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்ததாக அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலத்தைப் பிராசிகியூட்டர் தரப்பு நீட்டியது. தோட்டா விஷயத்தில் அவர் முன்பே குற்றமற்றவர் எனத் தீர்ந்தவர் என்பதை அசெசர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஒருமுறை விடுதலை என்று தீர்ந்தது தீர்ந்ததுதான், அதைப் பிறகு எந்த விசாரணையிலும் பொய்யாக்கக்கூடாது என்று 1950-இல் தீர்ப்பாகி, சாம்பசிவத்தின் கழுத்துக் கயிறு அவிழ்ந்தது. ‘சாம்பசிவம் எதிர் பப்ளிக் பிராசிகியூட்டர்’ என்ற அந்த வழக்கைப் பல நாட்டுக் கோர்ட்டுகள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளே, இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, பிராசிகியூட்டர் மேசைக்கு எதிரே இன்னொரு மேசை உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து தூதரானவர் ஒருவரும் இதே பினாங்கில் வக்கீல் தொழில் நடத்தினார். அவர் நெடியம் ராகவன். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று பேர். நல்லது, இனிப் பேசலாம்.

ராகவன் மலையாளி, பாரிஸ்டர். பெர்ரியை விட்டு இறங்கி மணிக்கூண்டைத் தாண்டி லைட் ஸ்திரீட்டுக்குள் நுழைந்தால் ஹைகோர்ட்டு வருகிறதே, அந்தக் கோர்ட்டு வட்டாரம்தான் அவருடைய தொழிற்களம். கோர்ட்டுக்கு எதிரே லோகன் என்ற வெள்ளைக்கார வக்கீலுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. வெள்ளையரல்லாத மக்களின் உரிமைக்காக வாதாடியவர் என்று 1869-இல் அவர் இறந்தபின் ஊரார் எழுப்பியது. ராகவன் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போயிருப்பார்.

1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள் நடத்திய சங்கம் அது. பால்மரம் வெட்டியவர்கள் அதில் மேடை ஏறியதில்லை. ஆனாலும் அதன் காகிதங்களில் நிறைந்திருந்தது நம்முடைய கூலிக் கணக்குத்தான். 1937-இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1938 மே மாதத்தில் ரப்பர் விலை விழுந்தது என்று சொல்லி அதை 45, 35 ஆக வெட்டினார்கள். விலை ஏறும்போது கூலி நொண்டும், விலை இறங்கும்போது கூலி ஓடும். இது அன்றைக்கே உள்ள பழக்கம்.

மத்திய இந்தியர் சங்கம் இந்திய அரசாங்கத்தின் காதில் விடாமல் ஓதியது. 1938 ஜூன் 15-ஆம் நாள், சர்க்கார் உதவியோடு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்தியா தடை செய்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறக் காத்திருந்த கூட்டம் நின்றது. புது ஆள் வரவில்லையென்றால் இருக்கிற ஆளுக்கு மதிப்பு உயரும். அந்த நாளில் நமக்கு வேலைநிறுத்தம் செய்யச் சங்கம் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அரசாங்கம் நமக்காகக் கதவை மூடியது. அதை மூடச் செய்தது கோர்ட்டு வாதம் அல்ல, எண்களும் தேதிகளும் கொண்ட மனுக்கள். தூதர் வேலை என்பது இதுதானே? ராகவனும் அவருடைய நண்பர்களும் தூதராகும் முன்பே தூது நடத்தினார்கள் என்று நாங்கள் சொல்வோம்.

1941-இல் ராகவன் சங்கத் தலைவராக இருந்தபோதுதான் கிள்ளான் வட்டாரம் தீப்பிடித்தது. அங்கே தலைமை தாங்கியவர் கோட்டு அணிந்த வக்கீல் அல்லர், ஆர். எச். நாதன் என்ற பத்திரிகைக்காரர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை நீங்கள் கேட்க வேண்டும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. மருத்துவ வசதி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். கள்ளுக்கடையை மூடு. நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து. உறவினர் வந்து பார்க்கத் தடை செய்யாதே. குறை சொல்ல வந்தவனைப் பழிவாங்காதே. கொடுமைக்காரர்களை வேலையிலிருந்து நீக்கு. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல உரிமை.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குத் தலை குனிகிறது. எங்கள் பாட்டனார் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர். பேரன் கிராணி ஆகி, செக்ரோல் எழுதுகிறோம். அந்தக் கோரிக்கை துரையை மட்டும் சுட்டவில்லை, கிராணி நாற்காலியையும் சேர்த்துச் சுட்டியது. இங்கே உட்கார்ந்திருக்கும் கிராணி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

மே மாதத்தில் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை, துருப்புகள் இறங்கின, துப்பாக்கி வெடித்தது, ஐந்து தொழிலாளர் மாண்டனர். மத்திய இந்தியர் சங்கத்துப் பெரியவர்கள் கூலிக்காகப் பரிந்து பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் குண்டு பாய்ந்தது அவர்கள் மார்பில் அல்ல. ராகவனை நாங்கள் மதிக்கிறோம். அதற்காக இந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டோம்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, மற்ற ஜனங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வெள்ளைக்கார சர்க்கார் தீவை விட்டுப் போயிற்று. கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கியவர் ‘ஸ்டிரெயிட்ஸ் எக்கோ’ ஆசிரியர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். ஊரைக் காக்க ஒரு சேவைக் கமிட்டி அமைத்ததும் அவர்தான். பின்னாளில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இலங்கையின் ஆணையராக இருந்தார். இந்தச் சின்னத் தீவிலிருந்து எத்தனை பேர் தூதர் வேலைக்குப் போயிருக்கிறார்கள், பாருங்கள்.

ராகவன் இந்திய சுதந்திரச் சங்கத்தில் இறங்கினார். 1942 மார்ச்சில் டோக்கியோவில் கூட்டம். பிரதிநிதிகள் ஆகாய விமானங்களில் போனார்கள். ஒரு விமானம் வழியில் விழுந்து நொறுங்கியது. அதில் இறந்தவர்களில் ஒருவர் கே. ஏ. நீலகண்ட ஐயர். மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், நம் கூலிக் கணக்கைப் புத்தகமாகவே எழுதிய மனிதர். ராகவன் உயிரோடு திரும்பினார். ஜூன் மாதம் பாங்காக் மாநாட்டில் ராஷ் பிஹாரி போஸ் தலைமையிலான செயற்குழுவில் உறுப்பினரானார்.

இனிச் சொல்லப்போவது பினாங்கில் நடந்தது. கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

இந்தியாவுக்குள் சென்று இரகசியமாக வேலை செய்ய இளைஞர்களைப் பயிற்றும் ‘சுயராஜ்யப் பயிற்சிக் கழகம்’ ஒன்றை ராகவன் இங்கே நடத்தினார். ஜப்பானிய ராணுவத்தார் 1942-இல் அந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை அவருக்குத் தெரியாமலே எடுத்துக் கொண்டுபோய் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரைக்கு அனுப்பினார்கள். மலபார்க் கரையில் தானூரில் இறங்கியவர்கள் உடனே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் வக்கம் அப்துல் காதர், அனந்தன், வர்தன், பௌஜா சிங் என்ற நால்வர் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர்.

விஷயம் தெரிந்தவுடன் ராகவன் என்ன செய்தார்? எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளை எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டுக் கழகத்தை மூடினார். ஊர் முழுக்க ஜப்பானியத் துப்பாக்கி. கெம்பித்தாய் என்ற பெயரைக் கேட்டாலே ஜனங்கள் கதவைச் சாத்திய காலம். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது லேசான காரியமா? அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். ஜப்பான் இந்தியாவைப் பற்றிய தன் எண்ணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது செயற்குழுவின் பிடிவாதம். எழுத்து வரவில்லை. கேசவ மேனனும் மோகன் சிங்கும் விலகினார்கள், ராகவனும் மோதி ஒதுங்கினார். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின் மறுபடி சேர்ந்து, ஆசாத் ஹிந்து அரசாங்கத்தில் நிதி அமைச்சரானார். நம் தோட்டத்துத் தாய்மார் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தது அந்த நிதிக்குத்தான்.

ஆனால் அதே 1943-இல் தோட்டந்தோறும் லாரி வந்து ஆள் பிடித்தது. பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள், பாதிக் குடும்பங்களில் ஆள் திரும்பவில்லை. சுதந்திரச் சங்கம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. நிறுத்தும் சக்தி அதற்கு இருந்ததா என்று கேட்டால், நாலு மாணவர்களையே காப்பாற்ற முடியாதவர்கள் எப்படி நிறுத்துவார்கள் என்பதுதான் எங்கள் பதில். இருந்தாலும் சயாமுக்குப் போன வீட்டில் பிறந்தவர்கள் இந்தப் பதிலால் ஆறுதல் அடையமாட்டார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று.

யுத்தம் முடிந்தது, 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. நேரு அரசாங்கத்துக்கு வெளிநாடுகளுக்கு அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. மலாயாவிலிருந்த வக்கீல்களைக் கூப்பிட்டது. கோலக்கங்சாரில் பிறந்த ஜான் திவி, 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானவர், மறு ஆண்டே அதை விட்டு இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியானார். ராகவன் பத்தாவியாவுக்கு இந்தியக் கான்சல் ஜெனரலாகப் போனார். டச்சுக்காரனை எதிர்த்து இந்தோனேசியர் போராடிக்கொண்டிருந்த நேரம் அது.

இங்கே எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. மலாயாவில் யார் குடிமகன், யார் குடிமகன் அல்லன் என்று சட்டம் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சட்டம் தெரிந்த நம் மனிதர்கள் வேறு நாட்டுக் கொடியின் கீழ்ப் பணிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நாடு அதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கோ போவதற்கு வேறு இடமில்லை. அவன் பேரப்பிள்ளைகளில் சிலர் பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாளக் கார்டு வைத்துக்கொண்டு அலைந்ததைக் கிளை அலுவலகத்தில் பாரம் நிரப்பிய எங்கள் கை அறியும்.

1952-இல் ராகவன் சீனாவுக்கு இந்தியத் தூதரானார். பீக்கிங், இன்றைக்குப் பெய்ஜிங் என்கிறோமே, அந்த நகரத்தில் 1953 டிசம்பர் 31-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை நான்கு மாதம் நடந்தது. 1954 ஏப்ரல் 29-ஆம் நாள் திபெத்துடனான வியாபாரம், யாத்திரை பற்றிய உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் இந்தப் பினாங்கு வக்கீல்தான். எதிரே கையெழுத்திட்டவர் சீனத் துணை வெளிநாட்டு அமைச்சர் சாங் ஹான்பூ. அதன் முகவுரையில்தான் பஞ்சசீலம் முதன்முதல் எழுத்தில் ஏறியது. ஒருவர் எல்லையை மற்றவர் மதிப்பது, தாக்காதிருப்பது, உள்விவகாரத்தில் தலையிடாதது, சமத்துவமும் பரஸ்பர நன்மையும், சமாதானமாகச் சேர்ந்து வாழ்வது. மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் இதே கருத்துகளைத் தங்கள் பிரகடனத்தில் சேர்த்துக்கொண்டன.

சங்கக்காரர்களாகிய நாம் இந்த உடன்படிக்கையை நம் கண்ணால் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் நமக்கு முதலில் தோன்றும் கேள்வி, அதில் என்ன எழுதியிருக்கிறது? யாத்திரிகர் போகும் கணவாய்கள் எழுதியிருந்தது. வியாபாரச் சந்தைகள் எழுதியிருந்தது. இந்தியா தன் காவல் துருப்பை யாதுங், கியாஞ்சே ஊர்களிலிருந்து எடுத்துக்கொள்வதும், தபால் தந்தி நிலையங்களையும் பன்னிரண்டு தங்கும் விடுதிகளையும் ஒப்படைப்பதும் அதனோடு சேர்ந்த கடிதத்தில் எழுதியிருந்தது. கால வரம்பு எட்டு ஆண்டு.

இரண்டாவது கேள்வி, என்ன எழுதவில்லை? எல்லைக்கோடு எழுதவில்லை. கணவாய்களைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டபடியால் எல்லை தீர்ந்தது என்று டில்லி எடுத்துக்கொண்டது. தீர்க்கத் தக்க நேரம் வந்த விஷயங்களை மட்டும் தீர்த்தோம், மற்றது பிறகு என்று பீக்கிங் எடுத்துக்கொண்டது. பேச்சில் எல்லையைக் கிளப்பவேண்டாம் என்பது ராகவன் தனியாக எடுத்த முடிவன்று, டில்லியின் முடிவு. 1962 ஜூனில் எட்டு ஆண்டு முடிந்து உடன்படிக்கை காலாவதியானது. அக்டோபரில் யுத்தம்.

ஜப்பான்காரனிடம் ‘எழுத்தில் கொடு’ என்று கேட்ட, வீட்டுக் காவலுக்கும் போன மனிதர், முக்கியமான ஒன்று எழுத்தில் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. தனக்காகப் பேசும்போது இருக்கும் சுதந்திரம், சர்க்காருக்காகப் பேசும்போது இருப்பதில்லை. பிராசிகியூட்டரானாலும் தூதரானாலும் இதுதான் நிலைமை. கேஸ் அவனுடையதல்ல, கட்சிக்காரனுடையது. டான் பூன் தெக்கும் ராகவனும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆனால் தூதர் நாற்காலியில் உட்கார்ந்தபின் இருவருக்கும் கட்சிக்காரர் அரசாங்கம்தான்.

நம் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், மழைநாள் வேலை பற்றிக் கூலி உடன்பாடு பேசினோம். மூன்று மணி நேரப் பேச்சு. மற்றதெல்லாம் எழுத்தாயிற்று. காலையில் பிரட்டுக்கு வந்து, மழைக்காகக் காத்திருந்து, மரம் வெட்டாமல் திரும்புகிறவருக்கு என்ன என்பதை மட்டும் ‘அது எப்போதும் கொடுப்பதுதானே, அதையும் எழுத வேண்டுமா?’ என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். ஏழு மாதத்தில் அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதியவர் காகிதத்தைக் காட்டச் சொன்னார். காகிதத்தில் இல்லை. நவம்பர் மழையில் அறுபது பேர் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய நாளில், செக்ரோலில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு இழுத்தது எங்கள் பேனா. பேச்சில் உட்கார்ந்ததும் நாங்கள், கோடு இழுத்ததும் நாங்கள். அந்த அறுபது பேரில் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, “தம்பி, நீதானப்பா பேசப் போனே?” என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

ராகவன் பீக்கிங்கில் கையெழுத்திட்ட 1954-ஆம் ஆண்டில்தான் ஐந்து தோட்டச் சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது என்பதையும் நினைவூட்டுகிறோம். வக்கீல்கள் போனபின் தோட்டத்துக்குள்ளிருந்தே ஆள் எழும்ப வேண்டியிருந்தது, எழும்பினார்கள். அவர்கள் முதலாளிமார் சங்கத்தோடு எழுதிய ஒப்பந்தங்கள்தான் பிறகு நம் வீட்டுச் சோற்றை நிர்ணயித்தன.

ராகவன் பின்னர் வேறு சில நாடுகளிலும் தூதராக இருந்து ஓய்வு பெற்றார். இந்தக் கூட்டத்தில் மூன்று கைகள்தான் உயர்ந்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பழைய கூலிச் சீட்டு, கப்பல் சீட்டு, ஒப்பந்தப் பிரதி, சுதந்திரச் சங்கத்து நன்கொடை ரசீது ஏதாவது கிடந்தால், கறையான் தின்னுமுன் கிளைக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலை உங்களிடமே திருப்பித் தருகிறோம். புதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. மழைநாள் விஷயம் ஒன்பதாவது வரியில் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, விட்டுப்போனது எது என்று சொல்லிவிட்டுப் பெர்ரிக்குப் போங்கள்.